எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஒரு டிஸ்க்

வெளி ஹார்டு டிஸ்க்குகள் பல விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்திலேயே விற்பனைக்கு வருகின்றன. மேக்கில் செருகினால் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். கூடுதல் மென்பொருள் இல்லாமல் எதையும் பதிய முடியாது. மேக்குக்கே உரிய ஏபிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினாலோ, விண்டோஸ் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று தட்டுபவர் சேர்த்துவைத்த படங்களை இழக்க நேரிடும். இந்த ஆபத்தை வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பல கணினிகளுக்கு என விற்கும் டிஸ்க்குகளை, விண்டோஸும் மேக்கும் படிக்கவும் எழுதவும் கூடிய எக்ஸ்ஃபேட் வடிவத்திலேயே தர வேண்டும். பழைய ஃபேட்32 எங்கும் ஓடும்தான். ஆனால் 4 ஜிபியைத் தொடும் ஒற்றைக் கோப்பை ஏற்காது, நீளமான கல்யாண வீடியோவுக்கே அது போதாது.

லினக்ஸில் எக்ஸ்ஃபேட் ஓடாது என்ற வாதம் காலாவதியாகிவிட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது; அதே ஆண்டில் லினக்ஸ் 5.4 கெர்னலில் அது இடம்பெற்றது. வலுவான ஆட்சேபம் வேறு: என்டிஎஃப்எஸ் போல எக்ஸ்ஃபேட் மாற்றங்களைக் குறித்துவைப்பதில்லை, எழுதும்போது கேபிளைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையலாம். உண்மைதான். அதனால் ‘இஜெக்ட்’ கொடுத்தே கழற்ற வேண்டும், ஒரே பிரதியை அதில் வைக்கக் கூடாது. விண்டோஸை மட்டுமே பயன்படுத்துபவருக்கு என்டிஎஃப்எஸ்ஸே மேல்.