வேட்டுவத் தாயரும் அரசின் கடமையும்

குடிமக்களின் உடல்நலத்தைப் பேணுதல் தன் கடன் என ஏற்றுக்கொண்ட அரசொன்று, மருந்தையும் கட்டடத்தையும் வழங்கியதோடு அக்கடன் தீர்ந்துவிட்டதாகக் கருதலாகாது. வைத்தியசாலை வாயிலில் வந்து நிற்கும் பெண், தன் குடிப்பிறப்பின் பொருட்டு அங்கே தலைகுனிய நேருமாயின், இலவசம் எனப்படும் மருத்துவத்துக்கும் அவள் ஒரு விலை கொடுத்தவளாகிறாள். அவ்விலை தன்னால் தாங்கவொண்ணாதது எனக் கண்டால் மறுமுறை வாராதிருக்கவும் துணிவாள்.

தாய்நலத் துறையில் இலங்கை ஈட்டிய பெயர் சிறிதன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. 1930களில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மாரைப் பலிகொண்ட இந்நாட்டில், இன்று அவ்வெண் முப்பதை அண்டியே நிற்கின்றது. மலேரியா அடங்கியதும் பெண்கல்வி பரவியதும் இதற்குத் துணைநின்றன என்பது மெய்யே. ஆயினும், படலையைத் திறந்து உட்சென்று, திண்ணையில் அமர்ந்து, மாமியாரின் ஐயத்தையும் மருமகளின் அச்சத்தையும் ஒருங்கே கேட்டறிந்த மருத்துவமாதுக்கே முதற்புகழ் உரியது. அவள் சொல் ஏற்கப்பட்டமைக்கு, அவள் கற்ற கல்வியோடு, கேட்போர் அவளைத் தம்முள் ஒருத்தியாக மதித்தமையும் காரணமாகும்.

வெருகலாற்றுக்குத் தெற்கே, கோறளைப்பற்று வடக்கில், கடலுக்கும் காட்டுக்கும் இடையே கிடக்கும் கதிரவெளியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் கரையோர வேடர்க்கு அத்தகைய ஒருத்தி வாய்த்தாளா என்பதே நம் வினா. செலிக்மன் இணையர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்வுநூல் இம்மக்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியது. ஆனால், தமிழே பேசுவதால் இவர்கள் அரசின் ஏடுகளில் நெடுங்காலம் தமிழராகவே எழுதப்பட்டனர். ஏட்டில் மறைந்த வேற்றுமை ஊரார் பார்வையில் மறையவில்லை. அயலிலுள்ள தமிழ்ச் சாதிகள் இவர்களைத் தாழ்த்தியே நோக்கி வந்துள்ளன. ஆகவே, இவ்விடயத்தில் கொழும்பை மட்டும் சுட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது அறமன்று. கிளினிக்கில் வரிசையில் நிற்கும் வேட்டுவப் பெண்ணை ஒருமையில் விளிப்பவரும், தெய்வமாடிக் குறிகேட்கும் அவளது சடங்கை எள்ளி நகைப்பவரும் பெரும்பாலும் தமிழ் பேசுவோரே.

இம்மண் பட்ட துயரையும் கணக்கிற்கொள்ளல் வேண்டும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் ஆழிப்பேரலை கரையை அழித்தது. 2006ஆம் ஆண்டு கார்த்திகை 8இல், இடம்பெயர்ந்தோர் அடைக்கலம் புகுந்திருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடைக்கலம் தேடிய இடத்திலேயே அழிவைக் கண்ட மக்கள், அரசின் கட்டடமொன்றை நம்பிக் கருவுற்ற மகளை அனுப்பத் தயங்கின், அத்தயக்கத்தை அறியாமை என்று பெயரிடுவோர் வரலாறு அறியாதவராவர்.

வழிகாட்டும் முன்னுதாரணங்கள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவப்பணி, அம்மலைவாழ் மக்களின் பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றி வளர்ந்தது. கனடாவின் வடபுலத்தில், பிள்ளைப்பேற்றுக்கெனத் தொலைதூர நகரங்களுக்கு விமானமேற்றப்பட்டு, உற்றார் எவருமின்றி ஈன்றெடுத்து மீண்ட இனுயிட் பெண்கள், புவிர்னிடுக் என்னும் ஊரில் 1986இல் தமக்கெனத் தாய்மனை பெற்றனர். அங்கே பேறு பார்ப்போராகப் பயிற்றப்பட்டவர்களும் அவ்வினப் பெண்களே. இவற்றைச் சுட்டுவதால், வைத்தியசாலையை விடுத்து வீட்டுப் பேற்றுக்குத் திரும்புக என்று நாம் கூறவில்லை. குருதிப்பெருக்கும் வலிப்பும் எவ்வினத்தாள் என்று பார்த்து வருவதில்லை. வாழைச்சேனை வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு வைத்தியசாலைக்கோ விரைந்து கொண்டுசெல்லும் ஏற்பாட்டில் சிறு தளர்வும் பொறுக்கத்தக்கதன்று.

தொல்குடி மக்களின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகளின் சாற்றுரைக்கு 2007ஆம் ஆண்டு புரட்டாதி 13இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. தம் மரபு மருத்துவத்தைப் பேணவும், பாகுபாடின்றி நலச்சேவை பெறவும் அம்மக்களுக்குள்ள உரிமையை அச்சாற்றுரையின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. நியூயோர்க்கில் கையுயர்த்திய அரசு, கதிரவெளியில் அதனைச் செயலாக்கக் கடமைப்பட்டது. வேட்டுவ ஊர்களின் மாணவியர் பயிற்சிக்குரிய கல்வித் தகைமையை எட்டும்வரை உதவிப்பணம் அளித்து, அடுத்துவரும் மருத்துவமாது ஆட்சேர்ப்பில் அவர்களுக்கென இடம் ஒதுக்குதல் கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் மேற்கொள்ள வேண்டிய முதற்பணியாகும். அப்பெண்கள் பயின்று வரும்வரை, பேற்றறையில் தாயோ தமக்கையோ உடனிருக்க இசைவளிப்பதற்கும், கிளினிக் பணியாளர் எவரையும் மரியாதைச் சொல்லால் விளிக்கவேண்டுமென ஆணையிடுவதற்கும் புதிய நிதி எதுவும் வேண்டுவதில்லை.