பூட்டு திருடனுக்கு, வழி நமக்கு



சங்கரன்கோவில் கடைவீதிகளில் நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இரவு கணக்கை முடித்து, ஷட்டரை இறக்கிவிட்டு, உள்படி வழியாக மேலே போய்ப் படுத்துவிடுகிறோம். இதில் வசதி உண்டு, ஆபத்தும் உண்டு. கடையில் தீப்பிடித்தால் புகை ஏறும் வழியும் குடும்பம் இறங்கும் வழியும் ஒன்றுதான். அந்தப் படிக்கட்டுக் கதவைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

முன்னோர் போட்ட கனமான தேக்குக் கதவைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிளைவுட் கதவு போடுகிறோம். ஏ.சி. குழாய்க்கும் ஒயருக்கும் அதற்கு மேலே ஓட்டை போடுகிறோம். திருட்டுக்குப் பயந்து கிரில் கேட் மாட்டி, திண்டுக்கல் பூட்டும் போட்டு, சாவியைக் கல்லாப் பெட்டியில் வைக்கிறோம். படியிலோ பாமாயில் டின், அட்டைப் பெட்டி, சாக்கு மூட்டை. ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு நியாயம் இருக்கிறது. தீக்கு அந்த நியாயம் தெரியாது.

1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டார்கள். கீழ்த்தளத்து மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை மாடிக்கு ஏறியது. மாடியில் கூடுதல் இருக்கைகள் போட்டதில் ஒரு பக்கத்து வழி அடைபட்டிருந்தது. 2019 டிசம்பர் 8 அதிகாலையில் அதே டெல்லியின் அனாஜ் மண்டியில், அதாவது தானியச் சந்தைப் பகுதியில், தொழிற்கூடத்திலேயே உறங்கிய தொழிலாளர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டிலும் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை.

புகையை நிறுத்துவது மூடிய கதவு. பெரிய கட்டடங்களில் இதற்கென்றே தீத்தடுப்புக் கதவு வைக்கிறார்கள். நிலை, கீல், தானாக மூடும் டோர் குளோசர், சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கதவு. அரை மணி, ஒரு மணி என்று அது தாங்கும் நேரத்தைச் சோதித்துச் சான்று தருகிறார்கள். அடியைச் சீவினாலும், பூட்டுக்காகக் குடைந்தாலும், குளோசரைக் கழற்றினாலும் அந்தச் சான்றை நம்ப முடியாது. 2017இல் லண்டன் கிரென்பெல் குடியிருப்பில் 72 பேர் இறந்த தீயில், பல வீட்டுக் கதவுகள் தாமாக மூடாததால் பொது வழியில் புகை பரவியது என்று விசாரணையில் தெரியவந்தது. சென்னையில் பிள்ளைகளுக்கு அடுக்குமாடி வீடு வாங்கித் தந்திருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கதவை மாற்றுவதானால் அதே தரத்தில் நிலையோடு மாற்றுங்கள்.

நம் ஊர் வீட்டுக்குச் சில வழிகள்: படிக்கட்டுக் கதவு கனமாக, இடுக்கின்றிப் பொருந்தி, இரவில் மூடியிருக்கட்டும். மூட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்காதீர்கள். ஒயர் ஓட்டைகளைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். படியில் சரக்கே வேண்டாம். கடைக்குள் வராமல் தெருவுக்கோ அடுத்த மாடிக்கோ போக இரண்டாவது வழி ஒன்று இருக்கட்டும்.

"கிரில் இல்லாவிட்டால் திருடன் வருவானே" என்பீர்கள். கிரில் இருக்கட்டும். வெளியிலிருந்து கை எட்டாதபடி, உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள் போதும். வெளியேறும் கதவு உள்ளிருப்பவருக்குச் சாவியின்றித் திறக்க வேண்டும் என்றுதான் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் சொல்கிறது. இருட்டில், இருமலுக்கு நடுவே, ஒரு பாட்டியோ பத்து வயதுப் பிள்ளையோ அதைத் திறக்க முடிகிறதா என்று இன்றிரவே பாருங்கள்.

ஆடித்தபசுக்கு உறவினர் வந்து வீடு நிறையும்; தீபாவளிக்குச் சரக்கு வந்து கடை நிறையும். அதற்குள் நம் சங்கம் தீயணைப்பு நிலைய அலுவலரை அழைத்து, தெருத் தெருவாக நம் படிக்கட்டுகளைக் காட்டி யோசனை கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. தீ என்றால் 101. ஆனால் வண்டி வந்து சேரும் வரை நம்மைக் காப்பது நம் கதவுதான்.

எரிந்த சரக்கை மறுபடி கொள்முதல் செய்துவிடலாம். மேலே உறங்குகிறவர்களை எந்த மண்டியில் போய் வாங்குவது?