பிள்ளை வளர்ப்பும் அரசின் பொறுப்பும்

பாடசாலையில் ஒரு பிள்ளை பின்தங்கினால், தெருவில் ஓர் இளைஞன் நெறி தவறினால், ‘வளர்ப்புப் பிழை’ எனத் தீர்ப்புக் கூற நமது சமூகம் தயங்குவதில்லை. வளர்த்தவருக்குத் துணை நின்றவர் யாவர் எனும் வினாவோ எழுப்பப்படுவதில்லை. பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தின் அந்தரங்கம், அதில் அரசுக்கு இடமில்லை என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். இந்நியாயம் நமது நாட்டின் வரலாற்றுக்கே முரணானது.

இலங்கையில் அரசு வீட்டு வாசலைத் தாண்டி நெடுங்காலமாயிற்று. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவின் வழியே வளர்ந்த அமைப்பின் பயனாக, மக்கள் ‘மருத்துவமாது’ என அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் இன்றும் கர்ப்பிணித் தாயின் வீடு தேடிச் செல்கிறார். பிள்ளையின் நிறை பார்க்கிறார். தடுப்பூசித் திகதியை நினைவூட்டுகிறார். தாய்சேய் மரணம் குறைந்தமையில் இச்சேவைக்குள்ள பங்கு யாவரும் அறிந்ததே. பிள்ளையின் உடலைப் பேண வீட்டினுள் நுழைந்த அரசு, அதன் உள்ளத்தைப் பேண நுழைவது மட்டும் எவ்வாறு அத்துமீறலாகும்?

தடை விதிக்க வேண்டியவிடத்து அரசு அந்தரங்கம் பார்ப்பதுமில்லை. 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை முறை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையுடைய தாய் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்வதைத் தடுத்தது. தந்தைக்கு அத்தடை இருக்கவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியதும் விதி தளர்ந்தது. பிள்ளையின் நலனே விதிக்கு அடிப்படையாயின், அதற்கும் செலாவணிக்கும் தொடர்பு யாது? பிள்ளையைப் பொறுப்பேற்கும் அம்மம்மாவுக்கோ தந்தைக்கோ துணை நிற்பது எவ்வாறு என்பது அன்றும் இன்றும் கொள்கையின் மையப் பொருளாகவில்லை.

துணை நின்றாற் பயனுண்டோ என ஐயுறுவோர் ஜமேக்காவை நோக்குக. கிங்ஸ்ரன் நகரின் வறிய பகுதிகளில் 1986-87இல் தொடங்கிய ஆய்வில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதார உதவியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் சென்று, வீட்டுப் பொருள்களாற் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்மாரைப் பழக்கினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், இத்துணை பெறாதோரைவிட இவர்களது வருவாய் 25 சதவீதம் கூடியிருந்தமை 2014இல் வெளியிடப்பட்டது. வீடு சென்றோர் பேராசிரியர்களல்லர். நமது மருத்துவமாதைப் போன்றோரே.

நம்மிடையே நிகழ்வதோ வேறு. வெளிநாட்டு நிதி கிடைக்குமாயின் ஒரு பிரதேசத்திற் செயற்றிட்டம். மண்டபத்தில் மங்கல விளக்கேற்றி ஒருநாட் கருத்தரங்கு. நிதி தீரத் திட்டமும் தீரும். காலையிற் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுக் கொழுந்து பறிக்க மலையேறும் தோட்டத்துத் தாய், அன்றைய ‘பேரை’ இழந்து அக்கருத்தரங்குக்கு வருவாளா? துணை மிகவும் வேண்டியவரை எட்டாத திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் வீணே.

வறியோருக்கு வேண்டுவது ஊதியமேயன்றி அறிவுரையன்று என்பாரும் உளர். ஊதியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் ஊதியம் உயரும்வரை குழந்தைப் பருவம் காத்திருப்பதில்லை. மேலும், இங்கு கோரப்படுவது அறிவுரையன்று. உடனிருந்து பழக்கும் துணை.

ஏற்கெனவே வேலைப்பளுவால் நலியும் மருத்துவமாதின் தோளில் மற்றுமொரு பதிவேட்டை ஏற்றுவதும் தீர்வாகாது. வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும். புதிய பதவிகள் உருவாக்கப்பட வேண்டும். பயிற்சியும் மேற்பார்வையும் போக்குவரத்துப்படியும் வழங்கப்பட வேண்டும். மலையகத்திலும் வடக்கு கிழக்கிலும் தாயின் மொழியிற் பேசுவோரே அவள் வாசலுக்குச் செல்ல வேண்டும். தந்தையும் வீட்டிலிருக்கும் வேளை தேர்ந்து செல்ல வேண்டும். இவையனைத்தும் நன்கொடையாளரின் தயவிலன்றி, ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

1945இல் கல்வியை இலவசமாக்கிய நாடு இது. கல்வி பாடசாலை வாசலிலே தொடங்குவதன்று. தாயின் மடியிலும் தந்தையின் தோளிலும் தொடங்குவது. அவ்விடத்துக்கும் இலவசக் கல்வியின் எல்லை நீளட்டும்.