‘தூசியைத் தவிர்க்கவும்’: அத்திப்பட்டில் எழுதக்கூடாத ஒரு வரி

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க. டம்ளரை மூடி வச்சுக்கோங்க. ஏன்னு அத்திப்பட்டுக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு அறிமுகம். ஊர் பேரைச் சொன்னதும் பத்துல ஏழு பேர் "சிட்டிசன் படத்துல வர்ற ஊரா?"ன்னு கேப்பாங்க. அது அத்திப்பட்டி. 2001ல வந்த அந்தப் படத்துல மேப்பை விட்டே காணாமப் போகும். இது அத்திப்பட்டு, மேப்ல பத்திரமா இருக்கு. கும்மிடிப்பூண்டி போற புறநகர் ரயில்ல எண்ணூர் தாண்டினா அத்திப்பட்டு புதுநகர், அதுக்கு அடுத்தது அத்திப்பட்டு. சுத்துவட்டாரத்துல வட சென்னை அனல்மின் நிலையம் (முதல் அலகு ஓட ஆரம்பிச்சது 1994ல), வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம். கரண்ட் சென்னைக்குப் போயிடுது. கன்டெய்னர் ஊர் உலகமெல்லாம் போயிடுது. எங்கேயும் போகாம இங்கேயே தங்குறது தூசி மட்டும்தான்.

விஷயத்துக்கு வர்றேன்.

சில நாள் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். மூணு மாசமா இருமல், விடியக்காலையில இளைப்பு. வீட்டுல யாரும் பீடி சிகரெட் பிடிக்கறதில்லை. விறகடுப்பு இல்லை, கேஸ்தான். ஸ்டெத் வச்சா நெஞ்சு முழுக்க விசில். பரிசோதனை முடிச்சு, இன்ஹேலர் எழுதி, அதைப் பிடிக்கிற முறையும் சொல்லிக்கொடுத்து, சீட்டோட கடைசியில கை தானா எழுதுற வரியையும் எழுதினேன்: "தூசியைத் தவிர்க்கவும்."

அவங்க சீட்டை வாங்கி மெதுவா படிச்சாங்க. "எங்க போய் தவிர்க்கறது டாக்டர்?"

கோபமா கேட்டிருந்தா நான் மறந்திருப்பேன். நிஜமாவே வழி தெரியாம கேட்டாங்க. பஸ் ஸ்டாண்ட் எங்கன்னு கேக்கற மாதிரி.

அப்புறம் பத்து நிமிஷம் சொன்னாங்க. காலையில வாசல் தெளிக்கும்போதே தண்ணி கறுப்பா ஓடும். சாப்பாட்டுத் தட்டை எப்பவும் கவுத்துதான் வைக்கணும், எடுக்கும்போது மறுபடி ஒரு தடவை கழுவணும். துணியைக் காயப்போட்டா மதியத்துக்குள்ள எடுத்துடணும். பேத்தியோட வெள்ளை யூனிஃபார்மை வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்கு அடியில காயவைக்கணும். வடாம் போடறதை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. வெயில் காலத்துலயும் ஜன்னல் சாத்தியே இருக்கும், அதனால ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும், அந்த ஃபேன் றெக்கையையும் வாரா வாரம் ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்கணும். லாரி போகப்போக நாலு தடவை பெருக்கணும். மருமக வேலைக்குப் போறதால எல்லாம் இவங்க தலையில. பெருக்கினா இருமல் வரும். பெருக்கலைன்னா வீட்டுல காலு வைக்க முடியாது.

கடைசியா எழுந்திருக்கும்போது சொன்னாங்க: "சும்மா புலம்பறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

எனக்குப் பிரச்சனையே இந்தப் 'புலம்பல்'ங்கற வார்த்தையோடதான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினப்போ கேமராக்கள் வந்தன. அதே மாசம் 26ஆம் தேதி நள்ளிரவுல பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிஞ்சு, ஜனங்க தூக்கத்துல எழுந்து ஓடினப்போவும் வந்தன. வரவேண்டியதுதான், குறை சொல்லலை. ஆனா ஒரு ராத்திரி நடந்தா அதுக்குப் பேரு சம்பவம், வருஷம் 365 நாளும் நடந்தா அதுக்குப் பேரு புலம்பலாம். இது எந்த ஊரு நியாயம்? மருத்துவத்துல கணக்கு நேர்மாறு. ஒரு நாள் வந்துட்டுப் போன தலைவலியை விட, தினமும் வர்ற தலைவலிக்குத்தான் நாங்க அதிகம் கவலைப்படணும்.

கொஞ்சம் உடம்பு பாடம். நாற்காலிக் கையில விரலால கோடு போட முடியுற அந்தக் கண்ணுக்குத் தெரியற தூசி பெரும்பாலும் பெரிய துகள். அதுல பெரும் பங்கை மூக்கும் தொண்டையும் பிடிச்சுடும். "டாக்டர், மூக்கைச் சிந்தினா கறுப்பா வருது"ன்னு பயந்துக்கிட்டு வர்றவங்ககிட்ட நான் சொல்றது: உங்க மூக்கு ஒழுங்கா வேலை செய்யுது. பயப்பட வேண்டியது அதுகூடவே வர்ற, கண்ணுக்குத் தெரியாத பொடிக்கு. 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழேயும் இருக்கிறதைத்தான் பி.எம். 2.5ன்னு சொல்றோம். நம்ம தலைமுடியோட குறுக்களவுல இருபதில் ஒரு பங்குக்கும் கம்மி. அது நுரையீரலோட கடைசி காற்றுப்பை வரைக்கும் போகும். ஆஸ்துமாவைக் கிளறும். மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் தொடர்பு நிரூபிக்கப்பட்டிருக்கு. வெளிக்காற்று மாசை உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை 2013லயே புகையிலை இருக்கிற அதே முதல் பட்டியல்ல சேர்த்தாச்சு. வருஷ சராசரியா ஒரு கனமீட்டர் காற்றுல 5 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார அமைப்பு 2021ல சொன்னது. நம்ம நாட்டு வரம்பு 40. எட்டு மடங்கு. நம்ம நுரையீரலை மட்டும் எட்டு மடங்கு கெட்டியா யாரும் செஞ்சு அனுப்பலை.

நம்ம நாட்டு நிலக்கரியில சாம்பலே 30லேருந்து 45 சதவீதம். நூறு டன் எரிச்சா முப்பது டன்னுக்குக் குறையாம சாம்பல் மிஞ்சும். அதை எங்கேயாவது கொண்டுபோய்த்தான் ஆகணும். சிமென்ட்டுக்கு, செங்கல்லுக்கு, ரோட்டுக்கு. அதாவது லாரி. நாம சிம்னியை அண்ணாந்து பார்த்துத் திட்டறோம். சிம்னி உயரத்துல விடுறது தூரமாப் பரவும். உங்க வாசல்ல மூணு மணிக்கு விழறதுக்குக் காரணம் தேடறீங்கன்னா கண்ணைக் கீழே இறக்குங்க. தார்ப்பாய் போடாத லோடு, அதுலேருந்து சிந்தினது, சிந்தினதை அடுத்த லாரி டயர் அரைச்சுக் கிளப்பறது. மதியத்துக்கு மேல கடற்காத்து வேற ஆரம்பிச்சு எல்லாத்தையும் ஊருக்குள்ள தள்ளும்.

(பக்கத்துல ஒரு ஊருக்குப் பேரே புழுதிவாக்கம். மடிப்பாக்கத்துக்குப் பக்கத்துல இருக்கிறது இல்ல, இங்க கடலோரம் இருக்கிறது. அனல்மின் நிலையம் வர்றதுக்கு முன்னாடியே வச்ச பேருதான். நம்ம முன்னோர்களுக்கு எதிர்காலம் தெரிஞ்சிருக்கு போல.)

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கணக்கு. இதைச் சொல்லத்தான் இந்த இழையையே ஆரம்பிச்சேன்.

இங்கிலாந்துல மான்செஸ்டர் நகரம். ஆலைப் புகை, கரி. அங்கேயும் வீட்டுப் பெண்கள் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க: துணி கறுத்துப் போகுது, துவைச்சு மாளலை. புலம்பல்னுதான் அங்கேயும் பேரு. 1918ல நகரத்தோட காற்று மாசு ஆலோசனைக் குழு ஒரு வேலை செஞ்சது. மான்செஸ்டர்ல இருக்கிற தொழிலாளர் குடும்பங்களோட சலவைச் செலவை, புகையில்லாத ஹாரோகேட் ஊர்ல அதே நிலையில இருக்கிற குடும்பங்களோட செலவோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. வாரத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஏழரை பென்ஸ் அதிகம். மொத்த நகரத்துக்கும் பெருக்கினா வருஷத்துக்கு 2,90,000 பவுண்டுக்கு மேல. சோப்பு, எரிபொருள் செலவு மட்டும் இவ்வளவு.

அதுல ஒரு சின்னக் குறிப்பும் இருக்கு: துவைக்கிறவங்களோட கூடுதல் உழைப்பு இதுல சேர்க்கப்படலை.

சேர்த்திருந்தா எவ்வளவு வரும்? அந்த அம்மாகிட்ட நான் கேட்டேன். தூசி இல்லாத ஊர்ல ரெண்டு தடவை பெருக்குவீங்க, இங்க நாலு தடவை. கூடுதல் ரெண்டு தடவைக்கு எவ்வளவு நேரம்? "துடைக்கறதோட சேர்த்து நாப்பது நிமிஷம்"னாங்க. நாளைக்கு 40 நிமிஷம்னா வருஷத்துக்கு 243 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட்டா மாத்தினா முப்பது ஷிஃப்ட். அதாவது வருஷத்துல ஒரு மாசம் முழுக்க, ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லாம, யாரோ சிந்தினதை இவங்க கூட்டிக்கிட்டு இருக்காங்க. சம்பளம் கிடையாது. இருமல் மட்டும் உண்டு. இதுக்கு நான் குடுத்த சீட்டு: தூசியைத் தவிர்க்கவும்.

அந்த வரியைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. யாருக்கு உத்தரவு போடுது? லாரிக்கு இல்ல. ஒப்பந்தக்காரருக்கு இல்ல. கையில துடைப்பம் வச்சிருக்கவங்களுக்கு. தவிர்க்கலைன்னா அவங்க தப்பு. மறுபடி இளைப்பு வந்தா "சொன்னேனே, கேட்டீங்களா?"ன்னு நாங்க திட்டவும் வசதி. சக மருத்துவர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். நம்ம சீட்டுல இதை விடக் கோழைத்தனமான வரி இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க.

"வீடு மாத்திடுங்க"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. கடனை வாங்கிக் கட்டின வீட்டை யாரு வாங்குவா, என்ன விலைக்கு? "ஏர் பியூரிஃபையர் வாங்குங்க." கதவைச் சாத்தி உக்காரக்கூடிய பெட்ரூமுக்கு அது. வாசல் வழியாவே வாழ்க்கை நடக்கிற வீட்டுக்கு இல்ல.

அப்புறம் கமெண்ட்ல கண்டிப்பா ஒருத்தர் வருவார்: "கரண்ட் மட்டும் வேணுமா?" வேணும் சார். என் நெபுலைசரே கரண்ட்லதான் ஓடுது. நாங்க மின் நிலையத்தை மூடச் சொல்லலை, லாரியை மூடச் சொல்றோம். தார்ப்பாய், டயர் கழுவற தொட்டி, ரோட்டுல தண்ணி, உறிஞ்சிப் பெருக்கற வண்டி. இதுல எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. கரியையும் சாம்பலையும் மூடித்தான் கொண்டுபோகணும்ங்கறது அனுமதிக் கடிதங்கள்ல வழக்கமா இருக்கிற நிபந்தனைதான். ஒரு தார்ப்பாயைக் கட்ட பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிறதுக்காகத்தான் ரோட்டோரம் இருக்கிற ஒவ்வொரு வீட்டுலயும் நாப்பது நிமிஷம் போகுது.

ஹாரன் பத்தியும் எழுதணும்னு நினைச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்குப் பல ராகத்துல அடிக்கிற ஏர் ஹாரனுக்கு மோட்டார் வாகன விதியே தடை போட்டிருக்கு. குடியிருப்புப் பகுதியில ராத்திரி 45 டெசிபல்தான் வரம்புன்னு 2000ஆம் வருஷ விதி சொல்லுது. பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறோமே, "ராத்திரி எத்தனை தடவை முழிக்கறீங்க?"ன்னு கேக்கறோமா? அது தனி இழை. இன்னொரு நாள்.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல உடம்பு. உலர்ந்த துடைப்பத்தைக் குறைங்க, அது தரையில படிஞ்சதை மறுபடி மூக்குக்கே அனுப்பும். ஈரத்துணியால துடைங்க. முகத்துல கட்டற முந்தானையும் கர்ச்சீஃப்பும் நுண்துகளைத் தடுக்காது. பெருக்கும்போது என்95 போடுங்க. இன்ஹேலர் 'பழகிடும்'ங்கறது பொய், டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க. பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊதி எண்ணைக் குறிச்சுக்கலாம். உங்க போன்ல காத்து அளவுன்னு ஒரு நம்பர் காட்டுமே, அது உங்க தெருவுல அளந்தது இல்ல. இந்தக் குழாயில வர்றது உங்க நெஞ்சுல அளந்தது.

அடுத்தது நோட்டு. புலம்பலுக்குத் தேதி போட்டா அது பதிவு. மூடாத லாரி போனா நேரம், வண்டி எண், முடிஞ்சா படம். ஒரு வெள்ளைத் தட்டை மொட்டை மாடியில கவுக்காம வைங்க. 24 மணி நேரம் கழிச்சு விரலால ஒரு கோடு போட்டு, தேதி தெரியற மாதிரி படம் எடுங்க. ஒரு மாசத்துக்கு முப்பது படம். தெருவுக்கு பத்து வீடு சேர்ந்தா முந்நூறு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கும் வெறும் வாயோட போறதை விட இதோட போங்க. திருவள்ளூர் போறதே ஒரு நாள் வேலைன்னு தெரியும். ரயில்னா பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வந்து அரக்கோணம் வண்டி மாறணும். அதனால பத்து வீட்டுக்காக ஒருத்தர் போங்க. முறை வச்சுக்கோங்க. மனு குடுத்ததுக்கு ரசீது வாங்காம வராதீங்க.

நான் என் பங்குக்கு அந்தக் கடைசி வரியை நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா இப்போ எழுதறது: "நோய் தூசியால் அதிகமாகிறது. வீட்டருகே திறந்த நிலையில் கரி, சாம்பல் லாரிகள் செல்வதாக நோயாளி கூறுகிறார்." கீழே கையெழுத்து, பதிவு எண், தேதி. மனுவோட இணைக்கலாம். இது மருத்துவர் வேலையான்னு ஒரு நண்பர் கேட்டார். நோயோட வரலாற்றை எழுதறது முதல் வருஷமே எங்களுக்குக் கத்துக்குடுத்த வேலை.

அந்த அம்மா நேத்து ரிவ்யூக்கு வந்தாங்க. விசில் பாதியா குறைஞ்சிருக்கு. பேத்தியோட பழைய ரூல்டு நோட்டு ஒண்ணு கொண்டுவந்து நீட்டினாங்க. முதல் பக்கம், திங்கட்கிழமை:

"துணி ரெண்டாம் தரம் அலசினது. லாரி 11, தார்ப்பாய் இல்லாதது 4. நம்பர் பின்பக்கம். டாக்டர் சொன்ன மாஸ்க் போட்டுப் பெருக்கினேன். மூச்சு முட்டுது, கண்ணாடியில ஆவி படியுது, பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா."