260 வரவேற்பறைகள்: கேரி தீவு தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கலைஞர்

கேரி தீவில் துறைமுகம் வரப்போகிறது என்ற பேச்சு 2017 முதல் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. வந்தால் வேலை என்னவாகும், மாற்று வீடு எங்கே என்றெல்லாம் மக்கள் கேட்கிறார்கள். தோட்டத்தில் வாழ்ந்த வாழ்க்கையை யார் பதிவு செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போர்ட்டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில் என்ற கலைஞரின் படைப்புகளில் அதற்கு ஒரு வழி தெரிகிறது.

1959இல் சிங்கப்பூரில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர் சிம்ரின். சிட்னியிலும் போர்ட்டிக்சனிலுமாக வாழ்ந்து கலைப்பணி செய்து வருகிறார். அவருடைய துறை கருத்தியல் கலை. இதில் கைத்திறனைவிட எண்ணமே முக்கியம்; பொருள் எதுவாகவும் இருக்கலாம். விதைகளுக்குக் குட்டிச் சக்கரங்கள் பூட்டிக் காட்சிக்கு வைத்தவர் அவர். விதை மட்டுமா ஊர்விட்டு ஊர் போகிறது? 2007இல் ஜெர்மனியின் டாக்குமெண்டா கண்காட்சிக்காக, டாட்டா 1313 லாரியின் உள்பாகங்களைப் புற்றுமண், களிமண், பழத்தோல், இலை போன்றவற்றால் செய்தார். 2013இல் வெனிஸ் கலை விழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் பங்கேற்றபோது, அரங்கக் கூரையின் ஒரு பகுதியை அகற்றி வெயிலையும் மழையையும் உள்ளே விட்டார்.

இதெல்லாம் ஒரு கலையா என்று கேட்பவர்கள் 'டாலாம்' என்ற படைப்பைப் பார்க்க வேண்டும். மலாயில் 'உள்ளே' என்று பொருள். 2001இல் தீபகற்ப மலேசியாவில் முன்பின் தெரியாதவர்களின் வீடுகளுக்குச் சென்று, அனுமதி கேட்டு, 260 வரவேற்பறைகளைப் படமெடுத்தார். படங்களில் ஒருவர்கூட இல்லை. நாற்காலியும் திரைச்சீலையும் சுவரில் மாட்டியவையுமே அந்த வீட்டாரைப் பற்றிச் சொல்கின்றன. பின்னர், போர்ட்டிக்சனில் கைவிடப்பட்ட ஒரு வீடமைப்புப் பகுதியையும் படமெடுத்தார். சட்டங்கள் கழற்றப்பட்ட சன்னல்களின் கண்ணாடிகள் அங்கே சுவரோரம் சாய்ந்து கிடந்தன.

தோட்ட மக்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தோட்ட வீடு நிறுவனத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் போகும். லயங்கள் இடிபட்ட எத்தனையோ தோட்டங்களுக்கு இன்று ஒரு படம்கூடக் கிடையாது. கேரி தீவுக்குப் பெயர் தந்தவர் வெலன்டைன் கேரி என்ற தோட்டத்துரை. அவர் பெயர் வரைபடத்தில் இருக்கிறது. காடு வெட்டியவர்கள், கித்தா மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? அதே தீவில் மா மெரி பூர்வக்குடியினர் தங்கள் முன்னோர் கதைகளை முகமூடிகளாகச் செதுக்கிக் காத்து வருகிறார்கள்.

சிம்ரினின் முறையை அப்படியே பின்பற்றினால் போதாது. அவர் வேண்டுமென்றே வீட்டாரைப் படத்தில் காட்டவில்லை. நமக்கு ஆட்களும் வேண்டும், அவர்கள் பெயரும் வேண்டும். யார் வீடு, எந்த லயம், எந்த ஆண்டு குடிவந்தார்கள் என்பதைப் படத்தோடு எழுதி வைக்க வேண்டும். பாட்டி தாத்தாக்களின் பேச்சையும் பதிவு செய்ய வேண்டும்.

இதற்கு மானியம் தேவையில்லை. ஒரு கைப்பேசியும், கோயில் நிர்வாகமோ இளைஞர் மன்றமோ ஒதுக்கும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். துறைமுகம் வரலாம், வராமலும் போகலாம். வந்த பிறகு படமெடுக்க அந்த வீடுகள் இருக்காது.