தாய் எலி காட்டும் நேரம்

எலி என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு மனிதருக்கு அரசாங்கச் சம்பளமா என்று எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். கணக்குப் பிரிவில் இருந்தவர். எந்த பில்லைப் பார்த்தாலும் எதைக் கழிக்கலாம் என்று தேடும் கை அவருடையது. பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1937இல் பிறந்து 2009இல் காலமானவர். உயிர்களின் உடலுக்குள் ஓடும் கடிகாரம்தான் அவருடைய வாழ்நாள் வேலை. இளம் வயதில் கடற்கரை மணலில் புதைந்து வாழும் சிறு நண்டுகளை ஆராய்ந்தார். பிறகு ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் சென்று வேலை பார்த்தார். மதுரைக்கு வந்தபின் வௌவால். இருண்ட குகைக்குள் கூண்டில் அடைபட்ட வௌவால், கூட்டத்தின் வரவு போக்கை வைத்தே பொழுதறிகிறது என்று அவரும் சகாக்களும் காட்டினார்கள்.

இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தெ மெரான் என்ற வானியலார், 1729இல், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தும் அது வேளை தவறாமல் இலை விரிப்பதைக் கவனித்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு நெப்போலியனின் போர்கள் தேதிவாரியாகத் தெரியும். இந்தச் செடியை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. போகட்டும்.

எலிக்கு வருகிறேன். நம் வயல் வரப்புகளில் வளை தோண்டும் சுண்டெலிதான். தாய் இரவில் இரை தேடப் போகும். வளைக்குள் எப்போதும் இருட்டு. கண் திறக்காத குட்டிக்கு இது பகல், இது இரவு என்று யார் சொல்வது? சந்திரசேகரனும் விசுவநாதன் என்ற ஆய்வாளரும், பகல் இரவு மாற்றமே இல்லாத அறையில் குட்டிகளை வைத்தார்கள். தாயை 12 மணி நேரம் உடன் விட்டார்கள், 12 மணி நேரம் பிரித்து வைத்தார்கள். குட்டிகளின் உடற்கடிகாரம் அந்த வரவு போக்கோடு சேர்ந்து ஓடத் தொடங்கியது. அவற்றுக்குத் தாய்தான் சூரியன். 1985இல் 'நேச்சர்' இதழில் இது வெளியாயிற்று.

நான் குடியிருப்பது கும்மிடிப்பூண்டியில். சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி வேன்கள் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து ஷிப்டுகளுக்கு எங்கள் தெருமுனையில் ஆள் ஏற்றும். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும். ஒன்றரை வயதுப் பையன். "நடுராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு விளையாடுறான் ஐயா" என்கிறாள். மாமியார் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்.

எலிக்குட்டி வேறு, மனிதக் குழந்தை வேறு. நம் வீட்டில் விளக்கு உண்டு, ஜன்னல் உண்டு, பாட்டி உண்டு. ஆனால் ஒரு சுண்டெலிக்கே தாயின் நேர ஒழுங்கு இவ்வளவு முக்கியம் என்றால், வாரத்துக்கொரு முறை அதைக் கலைத்துப் போடுவதற்கு முன் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம் அல்லவா? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அப்போது நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் உற்பத்தி இருந்தது, ஓய்வு இருந்தது. வீட்டில் காத்திருக்கும் குழந்தை இல்லை.

பெண்களை இரவு வேலைக்கு விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த அந்தத் தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது சரியே. பகலோ இரவோ, கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரே ஷிப்டைச் சில மாதங்களாவது தொடர்ந்து கொடுங்கள் என்கிறேன். அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான்.

பட்டியல் போடுவது சிரமம் என்பார்கள். தேர்தல் பணிப் பட்டியல் எத்தனையோ போட்டவன் நான், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கார்பன் தாள் வைத்து. நாற்பது பேர் பட்டியலில் நாலு பேருக்கு மட்டும் நேரம் மாறாமல் வைப்பது அரை மணி நேர வேலை. எதிர் வீட்டுப் பெண்ணுக்குத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி இரவு ஷிப்டாம்.