இடுப்பு வலிக்கு ஊசி

"மருமகளுக்கு ஏழாம் மாதம்; இடுப்பு வலியால் துடிக்கிறாள். சீன ஊசி போடலாமா, வாத்தியார் ஐயா?" என்று பசுமலையில் அண்டை வீட்டு அம்மாள் கேட்டார்.

1938-ல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய வைத்தியக் கோஷ்டியில் சென்ற டாக்டர் பி. கே. பாஸு, பிற்காலத்தில் அங்கே இவ்வித்தையைக் கற்றுவந்து கல்கத்தாவில் பரப்பினார். 2005-ல் ஸ்வீடனில் 386 கர்ப்பிணிகளிடம் செய்த பரிசோதனையில், ஊசியால் இடுப்பெலும்பு வலி தணியக் கண்டனர். ஆயினும் 2008-ல் அங்கேயே, தோலைத் துளைக்காத போலி ஊசியும் ஏறக்குறைய அதே சுகத்தைத் தந்தது! அருகிருந்து கவனிப்பதும் மருந்துதான் போலும்.

"பிரசவ டாக்டர் சம்மதித்தால், தேர்ந்தவர் கையால் புது ஊசி போடலாம். உதிரப்போக்கு, ஜுரம், விட்டுவிட்டு வலி கண்டாலோ உடனே ஆஸ்பத்திரி. எல்லாவற்றிற்கும் முன், தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பிலிருந்து இறக்குங்கள், அம்மா!" என்றேன்.

மறுநாள் காலை, குடம் மகன் தோளில் இருந்தது.